‘இல்லை’ என்னும் விடை: மார்பகப் புற்றுநோய் வாங்கிச் சோதனையின் சமூக வரலாறு

1

விஞ்ஞான வரலாறு எமது மொழியில் எழுதப்படும்போது பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர்களும் ஆண்டுகளும் கொண்ட ஒரு நிரலாகவே அமைந்துவிடுகின்றது. ஒரு கண்டுபிடிப்பு எத்தகைய சமூக உறவுகளின் நடுவே தோன்றிற்று, எவருடைய உழைப்பினால் அது அன்றாட நடைமுறையாயிற்று, எவரைச் சென்றடைந்தது, எவரைச் சென்றடையாது நின்றது என்னும் வினாக்கள் அந்நிரலுக்குப் புறம்பானவையாகக் கருதப்படுகின்றன. இலக்கிய வரலாற்றைப் புலவர் பெயர் அட்டவணையாக எழுதிய காலத்தை நாம் ஒருவாறு கடந்துவிட்டோம். விஞ்ஞான வரலாற்றிலும் அவ்வாறு கடக்கவேண்டிய தேவை உண்டு. அத்தேவையை ஓர் உதாரணத்தின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மார்பகப் புற்றுநோய் இழையத்தில் ஓமோன் வாங்கிகள் உளவோ இலவோ என அறியும் ஆய்வுகூடச் சோதனை ஆகும். பெண்ணுடலிற் சுரக்கும் ஈஸ்திரோஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஓமோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் சில கலங்களில் உள்ளன. இவையே வாங்கிகள் எனப்படுகின்றன. புற்றுநோய்க் கலங்களில் இவ்வாங்கிகள் காணப்படுமாயின், அந்நோய் ஓமோனின் தூண்டுதலால் வளர்வதற்கு வாய்ப்புண்டு. எனவே ஓமோனைத் தடுக்கும் மருந்து அங்கே பயன்தரும். வாங்கிகள் இல்லாதவிடத்து அம்மருந்தினாற் பயனில்லை. ஆய்வுகூடம் தரும் விடை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பதாகும். அவ்விடையைப் பொறுத்தே ஒரு பெண்ணுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான சிகிச்சை தீர்மானிக்கப்படுகின்றது.

இவ்விரண்டு விடைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதே எமது வாதமாகும். ‘உண்டு’ என்பது கண்டதைக் கூறுகின்றது. ‘இல்லை’ என்பதோ காணாமையைக் கூறுகின்றது. காணாமைக்கு இரு காரணங்கள் இருக்கலாம்: பொருள் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம்; அல்லது அதனைக் காண்பதற்குரிய நிலைமைகள் இல்லாதிருக்கலாம். இரண்டாவது காரணம் இயற்கையைச் சார்ந்ததன்று; சமூகத்தைச் சார்ந்தது. ஆயினும், சமூகத்தின் குறைபாடு இயற்கையின் நியதியாகத் தோற்றங் காட்டுவது வர்க்க சமுதாயத்தில் நாம் பல துறைகளிலும் காணும் ஒன்றாகும். வாங்கிச் சோதனையின் வரலாற்றிலும் அது நிகழ்ந்துள்ளது.

2

இவ்வரலாறு ஆய்வுகூடத்திற் தொடங்கவில்லை. பண்ணையிற் தொடங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோர்ஜ் பீற்சன், பால் சுரத்தலைப் பற்றி ஆராய்ந்தவர். கன்றீன்ற பசு தொடர்ந்து பால் தரவேண்டுமாயின் அதன் சூலகத்தை அகற்றிவிடும் வழக்கம் சில நாடுகளின் பண்ணையாளரிடையே இருந்தமையை அவர் அறிந்திருந்தார். மார்பகத்தின் தொழிற்பாட்டைத் தொலைவிலுள்ள சூலகம் ஆளுகின்றது என்னும் கருத்துக்கு இவ்வழக்கம் அவருக்குச் சான்றாயிற்று. 1895ஆம் ஆண்டில், முற்றிய மார்பகப் புற்றுநோயினால் வருந்திய 33 வயதுப் பெண் ஒருவரின் சூலகங்களை அவர் அகற்றினார். கட்டி சுருங்கி மறைந்தது. 1896இல் ‘லான்செற்’ மருத்துவ ஏட்டில் இதனை அவர் வெளியிட்டார். ஓமோன் என்னும் சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. பசுவையும் கன்றையும் வைத்து உழைத்தவரின் அனுபவ அறிவு மருத்துவக் கோட்பாட்டுக்கு வழிகாட்டியது என்பது, அறிவு மேலிருந்து மட்டுமே கீழிறங்குகின்றது என்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றாகும்.

ஆயின் சூலக நீக்கம் எல்லாப் பெண்களுக்கும் பயன்தரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே அது பயன்தரும் என்பது தெரியலாயிற்று. எந்த மூன்றிலொருவர் என்பதை முன்கூட்டி அறிவதற்கு வழியிருக்கவில்லை. 1950களில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹகின்ஸ் முதலியோர் சிறுநீரக மேற்சுரப்பிகளையும் அகற்றும் முறையைக் கையாண்டபோதும் இந்நிலை மாறவில்லை. பயன்பெறாத மூன்றில் இருவர் பயனின்றியே கத்திக்கு உட்பட்டனர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், யாருக்குப் பயன்படும் என்பதைப் பெண்ணின் உடலைக் கீறிப் பார்த்தே மருத்துவம் அறிந்துகொண்டது.

இவ்விருளில் வெளிச்சம் தோன்றியதும் சிக்காகோவிலேயே. எல்வுட் ஜென்சன் என்னும் இரசாயன விஞ்ஞானி, ஹேர்பேட் ஜேக்கப்சன் என்பாருடன் இணைந்து, கதிர்த்தொழிற்பாடுடைய திரிதியத்தினால் அடையாளமிடப்பட்ட ஈஸ்திரடயோலை 1950களின் பிற்கூற்றில் எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். ஓமோன் உடலினுள் இரசாயன மாற்றமடைந்தே செயற்படுகின்றது என்பது அக்காலத்து எண்ணமாகும். ஜென்சன் கண்டதோ வேறு. கருப்பை போன்ற இழையங்கள் ஓமோனை மாற்றமின்றியே பற்றி வைத்திருந்தன. ஏனைய இழையங்கள் அவ்வாறு வைத்திருக்கவில்லை. பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று அங்கே இருத்தல்வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது. 1960களில் ஜாக் கோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் அது புரதம் என்பதை உறுதிப்படுத்தினர்.

திரிதியம் போன்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் ஆராய்ச்சியாளருக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரின் அணுத் திட்டங்களுக்குப் பின்னராகும். உலகின் முதல் அணு உலை 1942இல் இயங்கியதும் இதே சிக்காகோப் பல்கலைக்கழக வளாகத்திலேயே. ஹிரோசிமாவை எரித்த உற்பத்திச் சக்திகள் நோயாளியின் கலத்தை ஆராயும் கருவியையும் தந்தன. உற்பத்திச் சக்திகள் தம்மளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. அவை எவ்வுறவுகளுள் இயங்குகின்றன என்பதே வினா என்ற அடிப்படைக் கருத்துக்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

3

1970களில் வாங்கிச் சோதனை மருத்துவ நடைமுறையுள் நுழைந்தது. 1974இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் நிகழ்ந்த கூட்டத்திற் பல ஆய்வுகூடங்களின் முடிவுகள் ஒருங்குவைத்து நோக்கப்பட்டன. ஈஸ்திரோஜன் வாங்கி உள்ள நோயாளருள் ஐம்பது அறுபது வீதத்தினர் ஓமோன் சிகிச்சையாற் பயன்பெற்றனர். வாங்கி இல்லாதோருள் அவ்வாறு பயன்பெற்றோர் பத்து வீதத்துக்கும் குறைவு. 1975இல் கத்ரின் ஹோர்விட்சும் வில்லியம் மக்குவயரும் இன்னொரு படியை முன்வைத்தனர். புரொஜெஸ்தரோன் வாங்கி ஈஸ்திரோஜனின் தூண்டுதலினால் உண்டாக்கப்படுவதாகையால், அது காணப்படுமாயின் ஈஸ்திரோஜன் வாங்கி வெறுமனே இருக்கின்றது என்பது மட்டுமன்றி இயங்குகின்றது என்பதும் பெறப்படும் என்றனர். இக்கருத்து பின்னர் எமக்குத் தேவைப்படும்.

அக்காலச் சோதனையின் நடைமுறையை நோக்குவோம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெட்டியெடுக்கப்பட்ட கட்டியின் ஒரு பகுதியை உடனடியாகவே திரவ நைதரசனில் உறையவைத்தல் வேண்டும். பின்னர் அதனைக் குளிர்நிலையில் அரைத்து, மிகுவேக மையநீக்கியிற் சுழற்றி, தெளிந்த கரைசலுக்குக் கதிர்த்தொழிற்பாட்டு ஓமோனைச் சேர்த்து, பற்றப்படாத ஓமோனைக் கரித்தூளினால் அகற்றி, எஞ்சிய கதிர்ப்பை எண்ணுதல் வேண்டும். ஒவ்வொரு படியும் விலையுயர்ந்த கருவியையும், தடையற்ற மின்சாரத்தையும், பயின்ற கைகளையும் வேண்டி நின்றது. சிறிய கட்டியாயின் சோதனைக்குப் போதிய இழையமும் இராது. ஆகவே இச்சோதனை செல்வந்த நாடுகளின் பெரிய மருத்துவமனைகளுக்குரியதாகவே தொடக்கத்தில் அமைந்தது வியப்பன்று.

அதே காலத்தில் மருந்தும் தோன்றிற்று. பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஆதர் வோல்போலின் குழுவினர் கருத்தடை தொடர்பாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். அக்குழுவைச் சேர்ந்த டோறா றிச்சட்சன் என்னும் பெண் இரசாயன விஞ்ஞானி 1962இல் ஆக்கிய சேர்வையே பின்னர் தமொக்சிபென் எனப் பெயர்பெற்றது. கருத்தடைக்கு அது பயன்படவில்லை. மான்செஸ்ரர் கிறிஸ்ரி மருத்துவமனையில் மேரி கோலும் சகாக்களும் மார்பகப் புற்றுநோயாளருக்கு அதனை அளித்துப் பெற்ற முடிவுகள் 1971இல் வெளியாகின. போதிய வருமானம் தராது எனக் கருதி நிறுவனத்தினுள் அதனைக் கைவிடும் எண்ணம் நிலவியதும், வோல்போல் விடாப்பிடியாக நின்றதும் மருத்துவ வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளவையாகும். 1973இல் பிரித்தானியாவிலும் 1977இல் அமெரிக்காவிலும் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இலாபக் கணக்கு ஒன்றே தீர்மானித்திருப்பின் இலட்சக்கணக்கான பெண்களின் உயிர் காத்த மருந்து களஞ்சியத்திலேயே முடங்கியிருக்கும்.

அம்மருந்தின் பெறுமதியை எடுத்துக்காட்டுவதற்கு 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு போதும். வாங்கி உள்ள பெண்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தமொக்சிபென் உட்கொள்ளின், பதினைந்து ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயால் நிகழும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. வாங்கி இல்லாதோருக்குக் குறிப்பிடத்தக்க பயனில்லை. உரிமக் காலம் முடிந்துவிட்ட இவ்வில்லை இன்று மலிவான மருந்துகளுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆகவே, வாங்கி உள்ள ஒரு பெண்ணுக்கு ‘இல்லை’ எனத் தவறாகக் கூறப்படுமாயின், மலிவான வில்லையொன்று அவருக்கு மறுக்கப்படுகின்றது. மறுக்கப்பட்டது என்பது அவருக்கோ வைத்தியருக்கோ தெரியவரப்போவதுமில்லை.

4

1975இல் கோலரும் மில்ஸ்ரைனும் ஒற்றைமரபுப் பிறபொருளெதிரிகளை ஆக்கும் முறையைக் கண்டனர். இம்முறையைக் கொண்டு ஜெப்ரி கிறீனும் ஜென்சனும் 1980இல் மனித ஈஸ்திரோஜன் வாங்கியை இனங்காணும் பிறபொருளெதிரிகளை ஆக்கினர். தொடக்கத்தில் உறைந்த இழையத்துக்கே பயன்பட்ட இம்முறை, 1990களிற் பரபின் மெழுகிற் பதித்த இழையத்துக்கும் ஏற்றதாயிற்று. போமலினால் மறைக்கப்பட்ட புரதத்தின் அடையாளத்தை வெப்பத்தினால் மீட்கும் உத்தியே இதற்குக் காரணம். அவ்வுத்திக்கு மைக்குரோ அலை அடுப்பும் சமையலறைப் பிரஷர் குக்கரும்கூட உதவின. மெல்லிய சீவல் கண்ணாடித் தட்டில் ஒட்டப்படுகின்றது, பிறபொருளெதிரி இடப்படுகின்றது, வாங்கி உள்ள கலங்களின் கரு கபில நிறம் பெறுகின்றது. நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியினூடாக நிறம்பெற்ற கருக்களின் வீதத்தையும் நிறத்தின் செறிவையும் மதிப்பிடுகின்றார்.

இது சனநாயகத் தன்மை வாய்ந்த ஒரு மாற்றமாகும். திரவ நைதரசனோ கதிர்ப்பெண்ணியோ வேண்டியதில்லை. சாதாரண நோயியல் ஆய்வுகூடத்துக்கு இச்சோதனை எட்டக்கூடியதாயிற்று. ஆனால் புதிய முறை புதிய முரண்பாட்டையும் கொண்டுவந்தது. எண்ணியால் அளக்கப்பட்டது இப்போது கண்ணால் வாசிக்கப்பட்டது. வாசிப்பு என்றவுடன் இலக்கிய மாணவராகிய எமக்கு ஏட்டுச்சுவடி நினைவுக்கு வருகின்றது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பண்டைய நூல்களை அச்சேற்றியபோது செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகளோடு போராடினர். ஏட்டில் ஓரடி காணப்படாதவிடத்துப் புலவர் அதனைப் பாடவில்லை என அவர்கள் முடிவுகட்டவில்லை. ஏடு எங்கே, எவ்வாறு பேணப்பட்டது என்று வினவினர். வேறு பிரதியைத் தேடினர். கண்ணாடித் தட்டில் நிறம் காணப்படாதவிடத்தும் இதுவே கேட்கவேண்டிய வினாவாகும்.

இழையம் எவ்வாறு பேணப்படுகின்றது? உடலிலிருந்து பிரிக்கப்பட்ட கணமே அதன் குருதியோட்டம் நின்றுவிடுகின்றது. புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. போமலின் இழையத்தினுள் மிக மெதுவாகவே, ஏறத்தாழ மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலே, ஊடுருவும். முழு மார்பகத்தை வெட்டிப் பிளவாது போமலின் வாளியில் இட்டுவிட்டால் வெளிப்புறம் பதப்படும். நடுவேயுள்ள கட்டி கெடும். வெள்ளிக்கிழமை மாலை எடுக்கப்பட்ட கட்டி திங்கட்கிழமை காலைவரை காத்திருந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. போமலின் நடுநிலைப்படுத்தப்படாததாயின் சேதம் இன்னும் மிகும். 2010இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவரும் நோயியலாளரும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி இவற்றை விதிகளாக வகுத்தது: வெட்டியெடுத்த ஒரு மணித்தியாலத்துள் இழையம் பிளக்கப்பட்டுப் போமலினில் இடப்படல் வேண்டும், 6 முதல் 72 மணித்தியாலம்வரை அதிற் கிடத்தல் வேண்டும், நூற்றுக்கு ஒரு கலக்கரு நிறம் பெறினும் ‘உண்டு’ எனக் கொள்ளல் வேண்டும். 2020இல் இவ்வழிகாட்டி புதுக்கப்பட்டபோது ஒன்று முதல் பத்து வீதம்வரையானவை ‘குறைவாக உண்டு’ எனத் தனி வகுப்பாயின.

இவ்விதிகளைப் படிப்போர் ஒன்றை உணர்வர். சோதனையின் விடை நிபுணரின் கண்ணில் மட்டும் உருவாவதன்று. கட்டியைச் சாடியிலிடும் தாதி, சாடியைச் சுமந்து செல்லும் சிற்றூழியர், போமலினைக் கரைக்கும் உதவியாளர், சீவல் வெட்டும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஆகிய அனைவரின் உழைப்பும் அவ்விடையிற் படிந்துள்ளது. அறிக்கையிற் கையொப்பமிடுபவர் ஒருவரே. பண்டத்துள் உழைப்பு மறைந்து கிடப்பதுபோல அறிக்கையுள்ளும் அது மறைந்து கிடக்கின்றது. ஆட்குறைப்பு, வேலைப்பளு, சம்பளக் குறைவு ஆகியன தொழிற்சங்க விவகாரங்கள் மட்டுமல்ல. அவை சோதனை முடிவின் பகுதிகளுமாகும்.

இது வறிய நாடுகளுக்கே உரிய குறைபாடு என எவரும் கருதலாகாது. கனடாவின் நியூபவுண்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005வரை செய்யப்பட்ட வாங்கிச் சோதனைகள் மீளாய்வு செய்யப்பட்டபோது 300க்கும் மேற்பட்ட பெண்களின் முடிவு மாறிற்று. நீதிபதி மார்கிரட் கமரன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2009இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தனியொருவரின் தவறன்று, தரக் கண்காணிப்பு இன்மையும் நிருவாகத்தின் பொறுப்பின்மையுமே காரணம் என்பது அதனால் வெளிப்பட்டது. செல்வம் மட்டும் சரியான விடையைத் தந்துவிடாது. பொறுப்புக்கூறும் அமைப்பு வேண்டும்.

5

இப்பின்னணியிலேயே ‘ஆசியப் பெண்களின் கட்டி’ என்னும் கருத்தை நோக்கவேண்டும். தெற்காசியப் பெண்களின் மார்பகப் புற்றுநோயில் வாங்கிகள் குறைவு. அது வேறு வகை நோய். ஓமோன் சிகிச்சைக்கு அவ்வளவாக உடன்படாது என்னும் எண்ணம் நீண்டகாலம் நிலவியது. 2000ஆம் ஆண்டில் மும்பாய் ராற்றா நினைவு மருத்துவமனையிலிருந்து 798 கட்டிகள் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலேயே ஈஸ்திரோஜன் வாங்கி காணப்பட்டது. மேற்கு நாடுகளில் இது நாலில் மூன்று அளவினது. ஆனால் அதே ஆய்வில் புரொஜெஸ்தரோன் வாங்கி ஈஸ்திரோஜன் வாங்கியைவிடக் கூடுதலான கட்டிகளிற் காணப்பட்டது. ஹோர்விட்சும் மக்குவயரும் கூறியதை இங்கே நினைவுகூரவேண்டும். புரொஜெஸ்தரோன் வாங்கி ஈஸ்திரோஜன் வாங்கியின் விளைபொருள் எனின், காரணத்திலும் காரியம் மிகுந்திருத்தல் எங்ஙனம்? விளைவைத் தந்த பொருள் அங்கே இருந்து, சோதனையின் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அம்மருத்துவமனையின் ஆய்வாளரே 2009இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் எட்டாண்டுக் காலச் சோதனைகளைத் திரும்ப நோக்கி, வாங்கி வீதங்களையும் ஆய்வுகூட நடைமுறைகளையும் இணைத்து ஆராய்ந்தமை அவர்தம் அறிவு நேர்மைக்குச் சான்றாகும்.

ஆபிரிக்கா பற்றி 2014இல் வெளியான தொகுப்பாய்வும் இதனை வலுப்படுத்துகின்றது. நெடுங்காலம் சேமிப்பிற் கிடந்த இழையங்களை ஆராய்ந்த ஆய்வுகளில், திட்டமிட்டுப் புதிதாகச் சேகரித்த இழையங்களை ஆராய்ந்தவற்றிலும் பார்க்க, வாங்கி உள்ள கட்டிகளின் வீதம் ஏறத்தாழப் பத்துப் புள்ளிகள் குறைந்திருந்தது. பெண்கள் அதே கண்டத்தினர். மாறியது இழையத்தைப் பேணிய முறை.

வியட்நாமின் உதாரணமும் குறிப்பிடத்தக்கது. 1993 முதல் 1999வரை வியட்நாமிலும் சீனத்திலும் மாதவிடாய் நிற்காத 709 பெண்களிடையே, மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பின் சூலக நீக்கமும் தமொக்சிபெனும் பயன்தருமா என்பது ஆராயப்பட்டது. 2002இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டு நோயின்றி வாழ்ந்தோர் சிகிச்சை பெற்ற பிரிவில் 75 வீதம்; பெறாத பிரிவில் 58 வீதம். சோதிக்க முடிந்த கட்டிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை வாங்கி உள்ளவையாக இருந்தன. ஆசியப் பெண்களுக்கு ஓமோன் சிகிச்சை பொருந்தாது என்னும் பொதுக்கூற்றை ஆசியப் பெண்களே இவ்வாறு மறுத்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாமே சோதனைப் பிழை எனக் கூறுவது எதிர்த்திசையில் ஓர் எளிமைவாதமாகும். எமது பிரதேசத்தின் சனத்தொகை இளமையானது. ஆகவே நோயாளரும் சராசரியில் இளையவர். இளம் பெண்களின் நோயில் வாங்கி இன்மை கூடுதலாகவே காணப்படும். மூவகை வாங்கிகளும் இல்லாத நோய் இந்தியாவில் ஏறத்தாழ முப்பது வீதம் என 2016இல் ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அதனை முழுவதும் போமலினின் மீது சுமத்த இயலாது. உயிரியல் உண்மை உண்டு. அதன்மேல் சமூக உண்மை படிந்துள்ளது. இரண்டையும் பிரித்தறிவதே விஞ்ஞானத்தின் பணி. பிரித்தறியாமலே ‘எங்கள் பெண்களின் உடல் அவ்வாறு’ என்று கூறிவிடுவது, வறுமையை விதி என்று கூறுவதன் இன்னொரு வடிவமேயாகும்.

6

இனி எமது நாட்டுக்கு வருவோம். மார்பகப் புற்றுநோயே இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயாகும். ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நோயியல் துறையைச் சேர்ந்த முத்துவ, காலியில் நோயாளரின் வாங்கி நிலையைப் பற்றி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்றுக் குறைவான கட்டிகளில் ஈஸ்திரோஜன் வாங்கி காணப்பட்டது. அதே ஆண்டிற் கொழும்பு மருத்துவ பீட ஆய்வாளர் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, தெற்காசியப் பெண்களின் நோய் உண்மையில் வேறானதா என்னும் வினாவையே தன் தலைப்பிற் கொண்டிருந்தது. அவ்வினா எமது நாட்டு ஆய்வாளரிடையே எழுந்தமை மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் சோதனை எவருக்குக் கிடைக்கின்றது? கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்த இடம் ஆங்கிலேயரால் அடிமைத் தீவு எனப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் அதனைக் கொம்பனியின் பெயராலேயே வழங்கினர். புகையிரதப் பாதைக்கும் பேரை வாவிக்கும் இடையே கூலி உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த இப்பகுதியில், 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின், தனியார் மருத்துவத்துறையும் வேரூன்றிற்று. நவலோக்க மருத்துவமனை கொழும்பு 2இல் 1985இல் திறக்கப்பட்டது. மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் நிறுவகமோ இங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே உள்ளது, நாடெங்கிலுமிருந்து நோயாளர் அங்கே செல்கின்றனர், சிகிச்சை இலவசம். ஒரே தெருவில் வாழும் இரு பெண்களின் கட்டிகள் இவ்விரு வழிகளிற் செல்லலாம். கட்டணம் செலுத்தக்கூடியவரின் இழையம் தனியார் ஆய்வுகூடத்துக்கு விரைவிற் செல்லும். மற்றவரின் இழையம் அரச ஆய்வுகூடத்தின் வரிசையிற் காத்திருக்கும். அவ்வரிசை நீள்வதற்கு அங்கு பணிபுரிவோர் காரணரல்லர். பெருந்தொகை மக்களுக்குச் சிறுதொகை ஆய்வுகூடங்களை ஒதுக்கிய கொள்கையே காரணம்.

கொழும்பில் வாழ்வோருக்கு இவ்வாறாயின், தோட்டப்புறத்துப் பெண்ணுக்கும் வன்னிப் பெண்ணுக்கும் தூரம் என்னும் தடை மேலும் சேர்கின்றது. தூரம் என்பது இங்கே போக்குவரத்துச் செலவு மட்டுமன்று. முன்னர் நாம் கண்டவாறு, மணித்தியாலம் என்பதும் ஆகும். தெல்லிப்பழையில் 2013இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்கு வேண்டிய நிதியைத் திரட்டுவதற்கு 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்தனர். இன மத வேறுபாடின்றி மக்கள் காட்டிய அவ்வொருமைப்பாடு போற்றுதற்குரியது. ஆயினும், அரசு ஆற்றவேண்டிய கடமையை மக்கள் கால்நடையாக நடந்து நிறைவேற்றவேண்டியிருந்தது என்பதையும் வரலாற்றாசிரியர் குறித்துவைத்தல் வேண்டும்.

இவ்விடத்திற் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர்வது பொருத்தமானது. 1971இல் அவரும் வைத்தியகலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையின் வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. மருந்தை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயரால் வாங்குதல், தேவையானவற்றை மட்டும் வாங்குதல், ஒரு மையத்தினூடாக மலிவாக வாங்குதல் ஆகியன அதன் கொள்கைகள். பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்புக்குள்ளான அக்கொள்கை மூன்றாம் உலக நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. தமொக்சிபெனை இன்று மலிவாக வாங்கமுடிவது பிபிலே போராடிய அதே பொதுப்பெயர்க் கொள்கையின் பயனாகும்.

ஆனால் இங்கு ஒரு முரண்பாடு தோன்றியுள்ளது. மருந்து பொதுப்பெயர் பெற்றது; சோதனை பெறவில்லை. பிறபொருளெதிரிகளும் சாயமூட்டும் இயந்திரங்களும் சில பன்னாட்டு நிறுவனங்களின் வணிகப் பெயர்களின்கீழ், அந்நியச் செலாவணி கொடுத்து, குளிரூட்டிய பெட்டிகளில் இறக்குமதி செய்யப்படுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றியபோது நாட்டின் மருத்துவமனைகளில் மருந்துகளுக்கும் ஆய்வுகூடப் பொருள்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு இவ்வமைப்பின் பலவீனத்தை வெளிப்படுத்திற்று. மலிவான மருந்தின் வாசலில் விலையுயர்ந்த சோதனை காவல் நிற்கின்றது. வாசல் திறவாதவிடத்து மருந்தின் மலிவு எவருக்குப் பயன்?

7

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இழையம் வெட்டப்பட்ட நேரமும் போமலினில் இடப்பட்ட நேரமும் கோரிக்கைப் படிவத்திலும் அறிக்கையிலும் எழுதப்படல் வேண்டும். இதற்குப் பேனாவும் கடிகாரமும் போதும். இரண்டாவது, கட்டியை அடுத்துள்ள இயல்பான மார்பகக் குழாய்க் கலங்களிற் சிலவற்றிலாவது வாங்கி இருக்கும். அதே தட்டில் அவையும் நிறம் பெறாதிருப்பின், கட்டி பற்றிய ‘இல்லை’ நம்பத்தக்கதன்று. சோதனை திரும்பச் செய்யப்படல் வேண்டும். ஏட்டின் ஓரமும் அழிந்திருக்கும்போது நடுவே எழுத்தில்லை எனச் சாதித்தல் பதிப்பாசிரியர்க்கு அழகன்று. மூன்றாவது, அரச ஆய்வுகூடங்களும் தனியார் ஆய்வுகூடங்களும் ஒரே வெளித்தரக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரப்படல் வேண்டும். நான்காவது, பிபிலே மருந்துக்கு வகுத்த கொள்கையைச் சோதனைப் பொருள்களுக்கும் விரித்து, மொத்தக் கொள்வனவும் மாகாண ஆய்வுகூடங்களும் ஏற்படுத்தப்படல் வேண்டும். ஐந்தாவது, இவை எல்லாவற்றையும் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் நோயாளர் அறியுமாறு எழுதப்படல் வேண்டும். தன் அறிக்கையில் உள்ள சொல்லின் பொருளையும், அச்சொல் எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் வினவும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவ்வினாவுக்குரிய மொழியை ஆக்கிக்கொடுப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் பணிக்கு அப்பாற்பட்டதன்று.

கிளாஸ்கோவில் 1895இல் அப்பெண்ணின் நோய் சுருங்கியதை விளக்கும் அறிவு அன்று எவரிடமும் இல்லை. இன்று அவ்வறிவு உண்டு, மருந்தும் உண்டு. இவ்விரண்டும் இருந்தும் ஒரு பெண்ணுக்குத் தவறாக ‘இல்லை’ என விடை கிடைக்குமாயின், அவ்வில்லாமை அவருடைய கலத்தில் உள்ளதன்று. அது எங்கே உள்ளது என்பதைக் கண்டு மாற்றுவது மருத்துவர்க்கு மட்டும் விடப்படக்கூடிய காரியமன்று.